கனெக்ஷன் பூல் நிரம்பும்போது எங்கே பார்ப்பது?

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் எழுதிய அப்ளிகேஷன், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் கூட்டம் கொஞ்சம் ஏறியதும், 30,000 மில்லிவிநாடி காத்திருந்தும் கனெக்ஷன் கிடைக்கவில்லை என்று, கனெக்ஷன் பூலை (திறந்தே வைத்த டேட்டாபேஸ் கனெக்ஷன்களின் தொகுப்பை) நிர்வகிக்கும் ஹிகாரியின் பிழைச்செய்தி பதிவுக் கோப்பு முழுக்க வந்து நிற்கும். அந்தப் பதற்றத்தில் குழுவில் யாராவது ஒருவர் சொல்வார்: "பூல் சைஸ் பத்துதானே இருக்கு, அம்பதா மாத்திடலாம்." மாற்றுவார்கள், சில நாள் தாங்கும். அப்புறம் அதே பிழை திரும்ப வரும். இந்த முறை டேட்டாபேஸும் சேர்ந்து திணறும்.

பூலின் அளவு என்பது கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம் என்பது என் உறுதியான கருத்து. பூல் நிரம்புகிறது, அதாவது எல்லா கனெக்ஷனும் வெளியே போய்விட்டது என்றால், எடுத்த கனெக்ஷனை யாரோ தேவைக்கு மேல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணம். அந்த 'யாரோ' யார் என்று கண்டுபிடிக்கும் வழிகள் எல்லாம் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. ஆனால் பலர் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை.

பூல் ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி பிராசஸ் ஒன்றைத் தொடங்குகிறது. நெட்வொர்க்கில் கைகோர்ப்பது, குறியாக்கம், கடவுச்சொல் சரிபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் க்வெரியே ஓடும். ஒவ்வொரு வலைக் கோரிக்கைக்கும் இதைச் செய்வது வீண் செலவு. அதனால் சில கனெக்ஷன்களைத் திறந்தே வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கொடுத்து, முடிந்ததும் வாங்கி வைக்கிறோம். 2018இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.0 முதல் இந்த வேலையை இயல்பாகச் செய்வது ஹிகாரிசிபி. நாம் எதுவும் மாற்றாவிட்டால் பத்து கனெக்ஷன், 30 விநாடி காத்திருப்பு என்பதே அதன் கணக்கு. முன்னால் இருக்கும் டொம்கேட் என்ற வலை சர்வரோ ஒரே நேரத்தில் 200 த்ரெட் வரை ஓடவிடும்; ஒரு த்ரெட் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும். ஆக 200 பேருக்குப் பத்து கனெக்ஷன். கேட்கும்போது அநியாயமாகத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

பழைய வாடகை சைக்கிள் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் பத்து சைக்கிள் இருந்தால், ஒரு நாளில் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது, ஆளுக்கு எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள் என்பதே. இந்தக் கணக்குக்கு லிட்டில் விதி என்று பெயர். ஜான் லிட்டில் 1961இல் இதற்கு நிரூபணம் கொடுத்தார். ஒரே நேரத்தில் வெளியே இருக்கும் எண்ணிக்கை என்பது, விநாடிக்கு வரும் கோரிக்கைகளை ஒவ்வொன்றும் பிடித்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. ஒரு கோரிக்கை கனெக்ஷனை 20 மில்லிவிநாடி மட்டும் பிடித்திருந்தால், பத்து கனெக்ஷன் விநாடிக்கு 500 கோரிக்கைகளைத் தாங்கும். பெரும்பாலான நிறுவனங்களின் உள் அப்ளிகேஷன்களுக்கு இதுவே தாராளம்.

இப்போது அதே கோரிக்கைக்குள் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்ப்போம். ஆர்டர் போடும் மெத்தட் ஒன்று இருக்கிறது. மேலே டிரான்ஸாக்ஷனல் என்ற குறிப்பு: உள்ளே எழுதுவதெல்லாம் ஒன்றாக முடியும் அல்லது ஒன்றாக ரத்தாகும், அதுவரை கனெக்ஷன் கையிலேயே இருக்கும். உள்ளே முதலில் ஆர்டரை டேபிளில் எழுதுகிறது, அடுத்து பேமென்ட் கேட்வேயை அழைக்கிறது, பதில் வந்ததும் ஆர்டரின் நிலையை மாற்றி எழுதுகிறது. படிக்க அழகாக இருக்கும், கோட் ரிவ்யூவில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் கேட்வே பதில் சொல்ல 800 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால், அந்த 800 மில்லிவிநாடியும் கனெக்ஷன் சும்மா கையில் இருக்கிறது. பிடித்திருக்கும் நேரம் 20இலிருந்து 820 ஆகிவிட்டது. அதே பத்து கனெக்ஷன் இப்போது விநாடிக்குப் பன்னிரண்டு ஆர்டரைத்தான் தாங்கும். 500 எங்கே, 12 எங்கே! கேட்வே ஒருநாள் தாமதமாகி நான்கு விநாடி எடுத்துக்கொண்டால், விநாடிக்கு மூன்று ஆர்டர் வந்தாலே பூலில் கொடுக்க கனெக்ஷன் மிஞ்சாது. டேட்டாபேஸில் எந்தக் கோளாறும் இல்லை, க்வெரி எதுவும் மெதுவாக இல்லை. ஆனாலும் எல்லோரும் டேட்டாபேஸைத்தான் திட்டுவார்கள்.

இந்தச் சூழலில் பூலை ஐம்பதாக்கினால் விநாடிக்கு அறுபது ஆர்டர் வரை இழுத்துக்கொண்டு போகலாம். அதற்குக் கொடுக்கும் விலை, டேட்டாபேஸில் ஐம்பது திறந்த டிரான்ஸாக்ஷன்கள். ஒவ்வொன்றும் தான் எழுதிய வரிகளின் பூட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதே வரியை மாற்ற வரும் அடுத்த கோரிக்கை அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும், அதுவும் தன் பங்குக்கு ஒரு கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டு. நெரிசல் இப்படித்தான் தன்னையே வளர்த்துக்கொள்கிறது.

இதற்கான தீர்வு, வேலையை இரண்டு குட்டி டிரான்ஸாக்ஷன்களாக உடைப்பது. முதலாவதில் ஆர்டரை 'பேமென்ட் நிலுவை' என்ற நிலையோடு எழுதி முடித்துவிட வேண்டும். கேட்வே அழைப்பு எந்த டிரான்ஸாக்ஷனுக்குள்ளும் இல்லாமல் நடக்க வேண்டும். பதில் வந்ததும் இரண்டாவது டிரான்ஸாக்ஷன் நிலையை மாற்றும். நடுவில் சர்வர் விழுந்தால் ஆர்டர் நிலுவையிலேயே நின்றுவிடுமே என்று கேட்பீர்கள். நிற்கும். அதனால் நிலுவையில் நிற்கும் ஆர்டர்களை எடுத்து கேட்வேயிடம் மறுபடி விசாரிக்கும் சின்ன வேலை ஒன்றை எழுதத்தான் வேண்டும். ஒரே டிரான்ஸாக்ஷனாக வைத்திருந்தாலும் இந்தச் சிக்கல் இருக்கவே செய்கிறது. பணம் பிடித்த பிறகு சர்வர் விழுந்தால் ஆர்டரே இல்லாமல் போகும், அது இன்னும் மோசம். மெயில், எஸ்எம்எஸ் அனுப்புவதற்கும் இதே பாடம் பொருந்தும்.

ஸ்பிரிங் பூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இதே வேலையைச் செய்யும் இன்னொன்று, ஓப்பன்-இன்-வியூ என்ற அமைப்பு. டேபிள்களை ஜாவா ஆப்ஜெக்ட்களாகக் கையாள உதவும் ஜேபிஏ பயன்படுத்தினால் இது தானாகவே இயங்கும் நிலையில் இருக்கும். முதல் க்வெரிக்கு எடுத்த கனெக்ஷன், பதில் முழுவதும் பயனருக்குப் போய்ச் சேரும் வரை திரும்பாமல் இருக்க இது வழிவிடுகிறது. அப்ளிகேஷன் தொடங்கும்போதே இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வரி பதிவில் வரும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புதிய புராஜெக்ட் என்றால் முதல் நாளே இதை அணைத்துவிடுங்கள். பழையதில் அணைத்தால் லேஸி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் தரவை எடுப்பது) பிழைகள் சில கிளம்பும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்யும் உழைப்பு வீண்போகாது.

எந்த எண்ணைப் பார்ப்பது

மைக்ரோமீட்டர் என்ற அளவீட்டு லைப்ரரி வழியாக ஹிகாரி பல அளவுகளைத் தருகிறது. டாஷ்போர்டில் எல்லோரும் முதலில் வைப்பது ஆக்டிவ், அதாவது இப்போது வெளியே இருக்கும் கனெக்ஷன்கள். அது பத்துக்குப் பத்தைத் தொட்டதும் அலாரம் அடிக்கும்படி வைப்பார்கள். அது தேவையில்லாத பதற்றம். பத்தும் வேலையில் இருந்து, யாரும் காத்திருக்கவில்லை என்றால் பூல் சரியாகப் பயன்படுகிறது என்று பொருள். பார்க்க வேண்டியது பெண்டிங், அதாவது கனெக்ஷனுக்காக வரிசையில் நிற்கும் த்ரெட்கள்.

ஆனால் பெண்டிங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அது அந்தக் கணத்தின் எண் மட்டும். அளவுகளைச் சேகரிக்கும் புரொமீதியஸ் 15 விநாடிக்கு ஒருமுறை வந்து எட்டிப்பார்த்தால், நடுவில் மூன்று விநாடி நீடித்த நெரிசல் கிராஃபில் வரவே வராது. பயனர்கள் புகார் சொல்வார்கள், டாஷ்போர்டு பச்சையாக இருக்கும். அதனால்தான் அக்வயர் என்ற நேர அளவு முக்கியம். ஒவ்வொரு முறை கனெக்ஷன் கேட்கும்போதும் கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை அது பதிந்துவைக்கிறது. ஆரோக்கியமான பூலில் இது ஒரு மில்லிவிநாடிக்கும் கீழே இருக்கும். சராசரியை விட்டுவிட்டு இதன் உச்சத்தைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான மில்லிவிநாடிக்கு ஏறினால் வரிசை உருவாகிறது என்று அர்த்தம், டைம்-அவுட் வருவதற்கு வெகு முன்பே.

அடுத்தது யூசேஜ். கனெக்ஷனை எடுத்ததிலிருந்து திருப்பிக் கொடுக்கும் வரை ஆன நேரம். என்னைக் கேட்டால், இருக்கும் எல்லா அளவுகளிலும் அதிகம் பேசுவது இதுதான். போஸ்ட்கிரெஸ் பக்கம் பிஜி-ஸ்டாட்-ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் ஒவ்வொரு க்வெரிக்கும் சராசரி நேரத்தைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கோரிக்கையின் க்வெரிகள் எல்லாம் சேர்ந்து 15 மில்லிவிநாடி, ஆனால் யூசேஜ் 400 என்றால், மீதி 385 மில்லிவிநாடி அப்ளிகேஷன் கனெக்ஷனைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஏதோ செய்துகொண்டிருக்கிறது. இண்டெக்ஸ் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. மாறாக யூசேஜும் 400, க்வெரியும் 390 என்றால் சிக்கல் க்வெரியில். அங்கே போய், க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பார்க்கலாம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்க ஹிகாரியிலேயே லீக் டிடெக்ஷன் திரெஷோல்ட் என்ற அமைப்பு இருக்கிறது. இயல்பாக அணைந்திருக்கும், குறைந்தபட்சம் இரண்டு விநாடி வைக்கலாம். பத்து விநாடி என்று வைத்தால், அதற்கு மேல் திரும்பாத ஒவ்வொரு கனெக்ஷனுக்கும், அதை எடுத்த இடத்தின் ஸ்டாக் டிரேஸைப் பதிவில் எழுதும். எந்தக் கிளாஸ், எந்த மெத்தட், எந்த வரி என்று தெரிந்துவிடும். இது கனெக்ஷனைப் பிடுங்காது, தகவல் மட்டும் சொல்லும். முன்பு புகார் சொன்ன கனெக்ஷன் பிறகு திரும்பி வந்தால் அதையும் எழுதும். திரும்பிய செய்தி இருந்தால் அது நேரம் இழுக்கும் வேலை. அந்தச் செய்தி வரவே இல்லை என்றால் உண்மையான கசிவு. ஜாவாவின் அடிப்படை டேட்டாபேஸ் இடைமுகமான ஜேடிபிசியை நேரடியாகப் பயன்படுத்தி எழுதிய ஏதோ ஓர் இடத்தில், பிழை வரும் வழியில் கனெக்ஷனை மூடாமல் விட்டிருப்பார்கள். கிராஃபிலும் இரண்டும் வேறு மாதிரி தெரியும். இழுவை என்றால் ஆக்டிவ் கூட்டத்தோடு ஏறி, கூட்டத்தோடு இறங்கும். கசிவு என்றால் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும், நள்ளிரவில் யாருமே இல்லாதபோதும் இறங்காது.

டேட்டாபேஸ் பக்கத்திலிருந்து

அப்ளிகேஷன் சொல்வது பாதிக் கதை. போஸ்ட்கிரெஸில் பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டி என்ற வியூவைத் திறந்தால் ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு வரியாக வரும். அதில் ஸ்டேட் என்ற நிரலில் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். ஆக்டிவ் என்றால் க்வெரி ஓடுகிறது. ஐடில் என்றால் பூலில் சும்மா இருக்கிறது, அதனால் கவலை இல்லை. மூன்றாவது 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்'. டிரான்ஸாக்ஷனைத் திறந்துவிட்டு, அடுத்து என்ன செய்யச் சொல்கிறாய் என்று அப்ளிகேஷனின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் கனெக்ஷன் அது. மேலே சொன்ன பேமென்ட் கேட்வே கதை இங்கே இந்தப் பெயரில்தான் வந்து நிற்கும். காத்திருப்பு நிரலில் 'கிளையன்ட் ரீட்' என்று இருக்கும்.

இங்கே பலர் தவறாகப் படிக்கும் ஓர் இடம் உண்டு. அந்த வரியில் க்வெரி என்ற நிரலில் ஒரு க்வெரி தெரியும். இதுதான் இவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று நினைத்து, அதைச் சீராக்கும் வேலையில் இறங்கிவிடுவார்கள். ஐடில் நிலையில் இருக்கும் கனெக்ஷனில் தெரிவது கடைசியாக ஓடி முடிந்த க்வெரி. அது சில மில்லிவிநாடியில் முடிந்திருக்கலாம். அதற்கு இருக்கும் ஒரே பயன், கோடில் எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்பதைக் காட்டும் தடயம். அந்த க்வெரியை அடுத்து கோடில் என்ன வருகிறது என்று பாருங்கள், குற்றவாளி அங்கே இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் 14 முதல், பிஜி-ஸ்டாட்-டேட்டாபேஸ் வியூவிலும் உண்மையில் வேலை செய்த மொத்த நேரம், டிரான்ஸாக்ஷனுக்குள் சும்மா இருந்த மொத்த நேரம் என்று இரண்டு எண்கள் தனித்தனியாக வருகின்றன. இரண்டாவது முதலாவதை விடப் பல மடங்கு பெரிதாக இருந்தால், பூல் அளவைப் பற்றிய விவாதத்தை அப்போதே நிறுத்திவிட்டு கோடுக்குப் போகலாம். பாதுகாப்புக்கு, 9.6 பதிப்பிலிருந்தே இருக்கும் 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன் செஷன் டைம்-அவுட்' என்ற அமைப்பையும் போட்டு வையுங்கள். குறித்த நேரத்துக்கு மேல் அப்படி நிற்கும் கனெக்ஷனை டேட்டாபேஸே துண்டித்துவிடும். இயல்பாக இதற்கு எல்லை எதுவும் இல்லை.

ஒவ்வொரு அப்ளிகேஷனும் கனெக்ஷனில் தன் பெயரைச் சொல்லும்படி அமைப்பதும் அவசியம். ஜேடிபிசி முகவரியிலேயே அப்ளிகேஷன் நேம் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் எல்லா வரியிலும் 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஜேடிபிசி டிரைவர்' என்று ஒரே பெயர் வரும். நான்கு சர்வீஸ்கள் ஒரே டேட்டாபேஸைப் பயன்படுத்தும் இடத்தில், நள்ளிரவில் யாருடைய கனெக்ஷன் என்று தெரியாமல் தவிப்பதை இந்த ஒரு வரி தவிர்க்கும்.

சரி, அளவு எவ்வளவு?

பிடித்திருக்கும் நேரத்தைக் குறைத்த பிறகும் அக்வயர் ஏறினால், அப்போது அளவைத் தொடலாம். போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் புழங்கும் தொடக்கக் கணக்கு: சிபியு கோர்களை இரண்டால் பெருக்கி, டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுவது. இது டேட்டாபேஸ் சர்வரின் கோர், அப்ளிகேஷன் சர்வரின் கோர் இல்லை. நான்கு கோர், ஒரு டிஸ்க் என்றால் ஒன்பது. எஸ்எஸ்டி காலத்தில் டிஸ்க் கணக்கு அவ்வளவு பொருந்தாது என்றாலும், பத்து, இருபது என்ற அளவில் தொடங்கச் சொல்லும் அதன் புத்தி சரியானது. ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். நானூறு க்வெரியை நான்கு கோரில் ஒரே நேரத்தில் ஏற்றினால் மாற்றி மாற்றி ஓட்டுவதிலேயே நேரம் போகும். ஆரக்கிளின் செயல்திறன் குழு செய்துகாட்டிய சோதனை ஒன்றை ஹிகாரி ஆவணமே எடுத்துக்காட்டுகிறது. வேறு எதையும் மாற்றாமல் பூலை மட்டும் சுருக்கியதில், பதில் நேரம் சுமார் 100 மில்லிவிநாடியிலிருந்து சுமார் 2 மில்லிவிநாடிக்கு இறங்கியது. நினைவகச் செலவும் உண்டு. வொர்க்-மெம் என்ற 4 எம்பி எல்லை கனெக்ஷனுக்கு ஒன்று இல்லை, ஒரு க்வெரிக்குள் வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹேஷுக்கும் தனித்தனி.

அப்புறம் பெருக்கல் கணக்கு. அப்ளிகேஷனின் பல பிரதிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் எட்டு பாட் (பிரதி ஒவ்வொன்றும் ஒரு பாட்), ஒவ்வொன்றிலும் பத்து கனெக்ஷன், மொத்தம் எண்பது. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்பு நூறு, அதில் மூன்று நிர்வாகிக்கு ஒதுக்கியது, மீதி 97. எண்பதுதானே, இடம் இருக்கிறது என்று தோன்றும். டிப்ளாய் செய்யும்போது, அதாவது புதிய பதிப்பை ஏற்றும்போது, புதிய பாட்கள் 25 சதவீதம் வரை கூடுதலாக எழும்ப குபெர்னெட்டீஸ் அனுமதிக்கிறது. எட்டு பத்தாகும், எண்பது நூறாகும். மூடிக்கொண்டிருக்கும் பழைய பாட்கள் தம் கனெக்ஷனை விடும் வரை அவையும் கணக்கில் சேரும். டிப்ளாய் செய்யும்போது மட்டும் புதிய கனெக்ஷனுக்கு இடம் இல்லை என்று டேட்டாபேஸ் மறுக்கிறது என்றால் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சின்ன பூலில் உண்மையாகவே ஆபத்தான ஒரு நிலை உண்டு. ஒரு த்ரெட் ஒரு கனெக்ஷனைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவதைக் கேட்பது. ஸ்பிரிங்கில், நடக்கும் டிரான்ஸாக்ஷனை நிறுத்திவைத்துப் புதிதாக ஒன்றைத் தொடங்கும் ரிக்வயர்ஸ்-நியூ போட்டால் இதுதான் நடக்கும். யார் என்ன செய்தார் என்ற ஆடிட் பதிவு எழுத இதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பத்து த்ரெட்கள் ஒரே நேரத்தில் வந்து ஆளுக்கொன்று எடுத்துவிட்டால், பத்தும் இரண்டாவதுக்குக் காத்திருக்கும், யாரும் முதலாவதை விட மாட்டார்கள். 30 விநாடி கழித்து எல்லாம் சேர்ந்து விழும். ஹிகாரி ஆவணம் இதற்கு ஒரு சூத்திரம் தருகிறது: த்ரெட் எண்ணிக்கையை, ஒரு த்ரெட்டுக்குத் தேவையான கனெக்ஷனில் ஒன்று குறைத்துப் பெருக்கி, ஒன்று கூட்ட வேண்டும். 200 த்ரெட்டுக்கு இரண்டிரண்டு என்றால் 201. அவ்வளவு பெரிய பூல் வைப்பதைவிட, ஆடிட்டை முதல் டிரான்ஸாக்ஷன் முடிந்த பிறகு எழுதுவது நல்லது.

அந்த 30 விநாடிக் காத்திருப்பும் வலை சர்வருக்கு மிக அதிகம். பூல் அடைத்துக்கொண்டால் டொம்கேட்டின் 200 த்ரெட்டும் வரிசையில் போய் நிற்கும். டேட்டாபேஸே தேவைப்படாத பக்கங்கள்கூட த்ரெட் கிடைக்காமல் நிற்கும். பாட் உயிரோடு இருக்கிறதா என்று குபெர்னெட்டீஸ் கேட்கும் கேள்விக்கும் பதில் போகாது. அது பாட்டைக் கொன்று மறுபடி தொடங்கும், அங்கே இருந்த கூட்டம் மற்ற பாட்கள் மேல் விழும். இரண்டு, மூன்று விநாடியில் மறுத்துவிட்டால் சிலருக்குப் பிழைப்பக்கம் வரும், ஆனால் மற்றவர்களுக்குத் தளம் ஓடும். ஜாவா 21இன் வர்ச்சுவல் த்ரெட்களை (ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய இலகுவான த்ரெட்களை) இயக்கியவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 200 என்ற முன்வாசல் தடுப்பு அங்கே இல்லை. ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் நேராகப் பூலின் வாசலுக்கே வந்து நிற்கும், பெண்டிங் எண் திடீரென்று பெரிதாகத் தெரியும்.

இரவு நேர ரிப்போர்ட், பெரிய எக்ஸ்போர்ட் போன்றவற்றுக்கு இரண்டு கனெக்ஷன் கொண்ட தனி பூல் கொடுத்துவிடுங்கள். நிமிடக்கணக்கில் ஓடும் வேலையும் மில்லிவிநாடி வேலையும் ஒரே பூலில் இருக்கக் கூடாது.

பாட்கள் கூடிக்கொண்டே போய், ஆளுக்கு ஐந்து கனெக்ஷன் என்று குறைத்தும் மொத்தம் அடங்கவில்லை என்றால், அப்போதுதான் நடுவில், எல்லா பாட்களுக்கும் பொதுவான பூலாக இயங்கும் பிஜிபவுன்ஸரை வைக்க வேண்டும். அதன் டிரான்ஸாக்ஷன் முறையில், உண்மையான கனெக்ஷன் ஒரு டிரான்ஸாக்ஷன் முடியும் வரை மட்டுமே ஒருவரிடம் இருக்கும். அதனால் செஷன் முழுக்க நீடிக்கும் என்று நம்பிச் செய்த அமைப்புகள், லிஸன் (அறிவிப்புக்குக் காத்திருக்கும் கட்டளை), செஷன் அளவிலான அட்வைஸரி பூட்டுகள் (அப்ளிகேஷன் தானே போடும் பூட்டுகள்) அங்கே வேலை செய்யாது. பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயாரித்து வைத்த க்வெரி) 2023இல் வந்த 1.21 பதிப்பு முதல் வேலை செய்கிறது, அதற்கான அமைப்பு இயங்கும் நிலையில் இருந்தால். கண்காணிக்க அதிலும் ஓர் எண் உண்டு: 'ஷோ பூல்ஸ்' கொடுத்தால் வரும் மேக்ஸ்-வெயிட், வரிசையின் முதலில் நிற்பவர் எத்தனை விநாடியாக நிற்கிறார் என்பது. பிஜிபவுன்ஸர் வந்த பிறகு, ஹிகாரியின் அக்வயர் ஒரு மில்லிவிநாடியிலேயே இருந்துகொண்டு காத்திருப்பு முழுதும் இங்கே நடக்கலாம். அதனால் இரண்டையும் ஒரே டாஷ்போர்டில் அடுத்தடுத்து வையுங்கள்.